நம் உடன் பயணி யார்?

பேருந்து வந்து நிற்பதற்கு முன்பே சாளரத்தின் வழியாக ஒரு துண்டு உள்ளே விழுகிறது. துண்டு விழுந்த இருக்கை, துண்டுக்கு உரியவரின் உடைமையாகிவிடுகிறது. கைக்குழந்தையோடு நெரிசலில் ஏறிவரும் தாய் அதைப் பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றுகொள்கிறார். இரயிலிலோ, நள்ளிரவைக் கடந்தும் ஒருவரின் கைப்பேசி பெட்டி முழுவதற்கும் பாடிக்கொண்டிருக்கிறது. வெளியே உமிழப்பட்ட வெற்றிலைச் சாறு காற்றோடு திரும்பிப் பின்னால் இருப்பவரின் சட்டையை அடைகிறது. பொழுது விடிந்த பின்னும் நடுப்படுக்கையை மடக்க மனமில்லாத ஒருவரால், கீழே இருப்பவர் முதுகு வளைந்து அமர்ந்திருக்கிறார். இவையெல்லாம் நாம் நாள்தோறும் காணும் காட்சிகள்.

இத்தகையவரை என்ன செய்வது? காலம் கெட்டுவிட்டது என்று பெருமூச்சு விடுவோர் நம்மிடையே பலர். வரலாற்றின் ஏடுகளோ வேறு கதை சொல்கின்றன. முன்பின் அறியாத மனிதர்கள் கட்டணம் செலுத்தி ஒரே வண்டியில் அமரத் தொடங்கிய காலத்திலிருந்தே இக்கேள்வி நம்மைத் தொடர்கிறது. அதற்கு மனிதர் மூன்று விடைகளைக் கண்டனர்: விலக்கி வைத்தல், விதி வகுத்தல், உடன் அமர்தல். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

விலக்கி வைத்தல்

நகரப் பொதுப் போக்குவரத்தின் வரலாறு, நாம் சற்றும் எதிர்பாராத ஒரு மனிதரிடம் தொடங்குகிறது. கணித மேதையாகவும், இறைவனைத் தேடிய சிந்தனையாளராகவும் நாம் அறிந்திருக்கும் பிளேஸ் பாஸ்கலே அவர். குறிப்பிட்ட தடத்தில், குறிப்பிட்ட நேரத்தில், ஐந்து சூ என்னும் குறைந்த கட்டணத்தில் செல்லும் குதிரை வண்டிகளை நண்பர்களோடு சேர்ந்து அவர் திட்டமிட்டார். அவற்றுள் முதல் வண்டி 1662 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் ஓடியது. அதில் தமக்குக் கிடைக்கவிருந்த பங்கை முன்பணமாகப் பெற்று, புளுவா வட்டாரத்தில் வாடிய ஏழைகளுக்கு அனுப்ப அவர் விரும்பினார் என்று அவருடைய தமக்கை எழுதிய வாழ்க்கைக் குறிப்பால் அறிகிறோம். அதே ஆண்டு ஆகஸ்டு 19 அன்று, தம் 39-ஆம் வயதில், அவர் இறந்தார். அவர் பிறந்து 400 ஆண்டுகள் நிறைவுற்ற 2023 ஜூன் 19 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட திருத்தூது மடலும் இவ்வண்டிகளை மறவாமல் நினைவுகூர்ந்தது.

ஆயினும் இந்த நல்ல முயற்சியின் பிறப்பிலேயே ஒரு முள் தைத்திருந்தது. வண்டிகளுக்கான அரச அனுமதியைப் பதிவு செய்தபோது, பாரிஸின் உயர் நீதிமன்றம் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. படைவீரர், பணியாட்கள், சீருடை அணிந்த ஏவலர், கைத்தொழிலாளர் ஆகியோர் இவ்வண்டிகளில் ஏறக்கூடாது! நகரத்துக் கனவான்களின் வசதியும் சுதந்திரமும் இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. விலக்கப்பட்டவர் உண்மையில் பிறருக்குத் தொல்லை தந்தாரா என்று எவரும் ஆராயவில்லை. அவர் அணிந்திருந்த உடையே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. ஏழைகளை மனத்தில் வைத்து எண்ணியவரின் வண்டியில் ஏழைக்கு இடமில்லாமற் போயிற்று. சில ஆண்டுகளில் அவ்வண்டிகளும் மங்கி மறைந்தன.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1856 ஜூலை 1 அன்று, தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. இரயிலில் நாகரிகமான வேறொரு வேலி இருந்தது. அதற்கு வகுப்பு என்று பெயர். கூடுதலாகப் பணம் செலுத்துபவர் பிறருடைய நெரிசலிலிருந்தும் இரைச்சலிலிருந்தும் விடுதலையை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இன்றும் நம்மில் வசதி படைத்தோர் தேடும் முதல் தீர்வு இதுவே. தொல்லை தருபவரைத் திருத்துவதைவிட, அவர் இல்லாத பெட்டிக்குச் சீட்டு வாங்குவது எளிது. ஆனால் குளிரூட்டப்பட்ட பெட்டியிலும் கைப்பேசிகள் உரக்கப் பாடத்தான் செய்கின்றன. பணத்தால் மெத்தை கிடைக்கும். அண்டையில் இருப்பவரின் பண்பு கிடைக்குமா?

விதி வகுத்தல்

இரண்டாவது வழி விதிகளின் வழி. இலண்டன் மாநகரில் 1829-இல் ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் ஆம்னிபஸ் என்னும் குதிரை வண்டியை ஓட்டத் தொடங்கினார். ஏழாண்டுகள் ஆவதற்குள், 1836 ஜனவரி 30 அன்று, 'தி டைம்ஸ்' நாளேடு அவ்வண்டிப் பயணிகளுக்கென ஒரு நடத்தைப் பட்டியலை வெளியிட வேண்டியதாயிற்று. இருக்கையின்மேல் கால் வைக்காதீர் என்றது அது. கால்களை அகல விரித்து இருவருக்குரிய இடத்தைப் பிடிக்காதீர் என்றது. தரையில் பரப்பிய வைக்கோல்மீது உமிழாதீர், பெண்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள், பெரிய மூட்டைகளை உள்ளே கொண்டுவராதீர், சண்டை சச்சரவுகளைத் திறந்த வெளிக்கு ஒத்திவையுங்கள் என்றெல்லாம் அறிவுறுத்தியது. உம்முடைய குரல் உமக்கு இசையாகத் தோன்றலாம், பிறருக்கு அப்படித் தோன்றாமலும் போகலாம் என்ற கருத்தும் அதில் உண்டு. கைப்பேசி தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு எழுதப்பட்டது இது!

நம் நாட்டில் 1890-ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் இவ்விதிகளுக்குத் தண்டனையையும் சேர்த்தது. பெட்டியில் குடித்திருப்பவரையும், அசுத்தம் செய்பவரையும், இழிசொல் பேசுபவரையும், வேண்டுமென்றே உடன் பயணியின் வசதியைக் குலைப்பவரையும் தண்டிக்க அது வழி செய்தது. நிரம்பாத பெட்டியில் மற்றொருவர் ஏறுவதைத் தடுப்பதும் குற்றமாயிற்று. அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இக்குற்றங்கள் இடம்பெற்றுள்ளன.

இச்சட்டங்களில் நம் சிந்தனையைத் தூண்டும் ஒரு நுட்பம் உண்டு. புகைபிடித்தலை 1890-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றிலும் தடை செய்யவில்லை; உடன் பயணிகளின் இசைவின்றிப் புகைபிடிப்பதையே குற்றமாக்கியது. 1989-ஆம் ஆண்டுச் சட்டமோ, பெட்டியில் உள்ள வேறொரு பயணி மறுப்புத் தெரிவித்தால் புகைபிடிக்கலாகாது என்றது. அதாவது, சட்டம் உயிர்பெற அண்டையில் இருப்பவர் வாய்திறக்க வேண்டும். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு மௌனமாக இருந்துவிட்டால் சட்டமும் மௌனமாகிவிடும். பின்னர் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தன. எனினும், ஓடும் பெட்டியில் ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு காவலரை நிறுத்த முடியுமா? விதி எழுதப்பட்ட பின்பும் அதைச் சொல்ல ஒரு மனிதக் குரல் தேவைப்படுகிறது.

உடன் அமர்தல்

அந்தக் குரல் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைக் காட்டியவர்களுள் காந்தியடிகள் முதன்மையானவர். 1902-இல் அவர் கல்கத்தாவில் கோகலேயின் இல்லத்தில் ஒரு மாதம் தங்கியிருந்துவிட்டு இராஜ்கோட்டுக்குப் புறப்பட்டார். மூன்றாம் வகுப்புப் பயணிகளின் இன்னல்களை நேரில் அறிய எண்ணி, அவ்வகுப்பிலேயே செல்லத் துணிந்தார். 12 அணா கொடுத்து ஒரு கித்தான் பை வாங்கிக்கொண்டார். பூரியும் இனிப்பும் நிறைந்த உலோகச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைக் கோகலே தந்தார். காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய ஊர்களில் இறங்கித் தங்கிச் சென்ற அப்பயணம் முழுவதற்கும், கட்டணம் உட்பட, 31 ரூபாய்க்கு மேல் செலவாகவில்லை என்று தம் தன்வரலாற்றில் குறிக்கிறார்.

அவரை வழியனுப்பக் கோகலேயும் வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராயும் ஹௌரா நிலையத்துக்கு வந்தனர். கோகலே பட்டுத் தலைப்பாகை அணிந்திருந்தார்; அவரை எவரும் தடுக்கவில்லை. வங்காளிகளின் எளிய உடையில் வந்த ராயை மட்டும் பயணச்சீட்டுப் பரிசோதகர் நடைமேடை வாயிலில் நிறுத்திவிட்டார். இவர் என் நண்பர் என்று கோகலே கூறிய பின்னரே அவர் உள்ளே விடப்பட்டார். பாரிஸில் 1662-இல் உடையைப் பார்த்து மனிதரை எடைபோட்ட அதே கண், ஹௌராவிலும் விழித்திருந்தது.

அப்பயணத்தில் காந்தியடிகள் கண்டது என்ன? இரயில்வேத் துறை மூன்றாம் வகுப்புப் பயணிகளை ஆட்டுமந்தையாகவே நடத்தியது. அதை அவர் கடுமையாகச் சாடினார். அதே வேளையில் பயணிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. குப்பையைத் தரையில் எறிதல், எந்நேரமும் புகைத்தல், வெற்றிலை புகையிலை மென்று பெட்டி முழுவதையும் எச்சிற் கலமாக்குதல், கூச்சலிடுதல், தகாத சொற்களைப் பேசுதல் என அவர் தரும் பட்டியல் நீள்கிறது. 1915 முதல் 1919 வரை மேற்கொண்ட பயணங்களிலும் இந்நிலையில் பெரிய மாற்றம் எதையும் அவர் காணவில்லை.

இதற்கு அவர் கண்ட மருந்து வியப்புக்குரியது. படித்தவர்கள் மூன்றாம் வகுப்பிலேயே பயணம் செய்ய வேண்டும். மக்களின் பழக்கங்களைத் திருத்த முயல வேண்டும். முறையீடுகளால் அதிகாரிகளை ஓயவிடாமல் செய்ய வேண்டும். தம் சொந்த வசதிக்காகக் கையூட்டுக் கொடுக்கலாகாது. யார் விதியை மீறினாலும் அதைச் சகித்துக்கொள்ளலாகாது. விலக்கி வைக்கும் வழிக்கு இது நேர் எதிரானது. தொல்லை இருக்கும் பெட்டியை விட்டு ஓடாமல், அதிலேயே சென்று அமர்வதுதான் இவ்வழி. 1918-19-இல் நோயுற்றதால் மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பெரிதும் கைவிட நேர்ந்ததை எண்ணி அவர் வேதனையும் வெட்கமும் அடைந்தார்.

சொல்வது எளிது, செய்வது அரிது என்பதற்கும் அவருடைய ஏடே சான்று தருகிறது. 1917-இன் முற்பகுதியில் அவர் கராச்சியிலிருந்து லாகூர் வழியாகக் கல்கத்தாவுக்குச் சென்றார். லாகூரில் வண்டி மாற வேண்டும். பெட்டிகளிலோ காலூன்ற இடமில்லை. 12 அணா தந்தால் இடம் பிடித்துத் தருவதாக ஒரு சுமைதூக்குபவர் முன்வந்து, வண்டி நகரும் வேளையில் அவரைச் சாளரத்தின் வழியாக உள்ளே தள்ளிவிட்டார். சொந்த வசதிக்குக் கையூட்டுத் தரலாகாது என்று அறிவுறுத்திய அதே நூலில் அந்த 12 அணாவும் மறைக்கப்படாமல் பதிவாகியிருக்கிறது. நெருக்கடி ஒரு நல்ல மனிதரையும் எங்கே கொண்டு நிறுத்தும் என்பதை நாம் இதிலிருந்து உணரலாம்.

உள்ளே நுழைந்த பின் நடந்ததுதான் நம் பொருளுக்கு உயிரானது. மேல்பலகையின் சங்கிலியைப் பற்றிக்கொண்டு அவர் இரண்டு மணி நேரம் நின்றார். மேலே கால் நீட்டிப் படுத்திருந்தவர்கள், ஏன் உட்காராமல் நிற்கிறாய் என்று அவரை ஓயாமல் கேட்டுத் துளைத்தனர். இடமில்லையே என்று அவர் அமைதியாக விடை சொன்னார். அவர்கள் கேட்டுக் களைக்கவில்லை. அவரும் மென்மையாக விடை சொல்லிக் களைக்கவில்லை. இறுதியில் அவர்களின் கடுமை தணிந்தது. யாரோ ஒருவர் அவருடைய பெயரைக் கேட்டார். அவர் பெயரைச் சொன்னதும் அவர்கள் வெட்கி, மன்னிப்புக் கேட்டு, இடம் ஒதுக்கித் தந்தனர்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அந்த இடம் எங்கிருந்து வந்தது? புதிதாக ஒரு பலகை முளைத்துவிடவில்லை. இரண்டு மணி நேரமாக அப்பெட்டியில் இடம் இருந்துகொண்டேதான் இருந்தது. பெயர் தெரியாத ஒருவருக்கு அது தென்படவில்லை; காந்தி என்ற பெயர் கேட்டதும் தென்பட்டது. அவருடைய பொறுமை அவர்களின் சினத்தைத் தணித்தது. இடத்தைத் தந்ததோ அவருடைய புகழ். புகழில்லாத ஒரு கூலித் தொழிலாளி அங்கே நின்றிருந்தால் விடியும்வரை சங்கிலியைப் பிடித்தபடியே நின்றிருப்பாரோ என்ற ஐயம் நமக்கு எழாமல் இல்லை.

இதற்கு விடை தருவது போல அமைகிறது, அதே ஆண்டு நடந்த மற்றொரு பயணம். 1917 செப்டம்பர் 12 அன்று காந்தியடிகள் 13 ரூபாய் 9 அணா கொடுத்துப் பம்பாயிலிருந்து சென்னைக்குச் சீட்டு வாங்கினார். லாகூர் முதல் நம் தரங்கம்பாடி வரை அதற்குள் மூன்றாம் வகுப்பில் சுற்றி வந்திருந்தவர் அவர். அச்சென்னைப் பயணத்தின் விவரங்களை, செப்டம்பர் 25 அன்று இராஞ்சியிலிருந்து இதழ்களுக்கு எழுதிய மடலில் அவர் விரிவாகத் தந்துள்ளார். அப்பெட்டி 22 பேருக்கு உரியது; அதுவும் உட்கார்ந்தபடி செல்வதற்கு மட்டுமே. பூனா வரையில் எண்ணிக்கை கூடாமல் இருந்ததற்குக் காரணம், உள்ளே இருந்த துணிச்சல்காரர்கள் வெளியே நின்றவர்களைத் தடுத்ததுதான். சற்று முன்வரை வெளியே நின்று முண்டியவர், உள்ளே வந்ததும் வாயிற்காவலராகிவிடுகிறார்! மனித இயல்பின் இந்தத் திருப்பத்தை நம் ஊர்ப் பேருந்துகளிலும் நாம் காண்கிறோம் அல்லவா?

இராய்ச்சூரைக் கடந்த பின் நெரிசல் தாங்கொணாததாயிற்று. இரயில்வே ஊழியர்கள் மேலும் மேலும் ஆட்களைத் திணிப்பதற்கு மட்டுமே எட்டிப்பார்த்தனர். இது தமக்கு ஐந்தாவது இரவு என்று முறையிட்ட மேமன் வணிகர் ஒருவரைக் கார்டு அவமதித்தார். அவ்விரவின் பெரும்பகுதியில் பெட்டியில் 35 பேர் இருந்தனர். சிலர் தரையில் அழுக்கிலேயே படுத்தனர், சிலர் நின்றனர். வழி நெடுகப் பெட்டி ஒருமுறையும் கூட்டப்படவில்லை. கழிப்பறைத் தொட்டியில் நீரும் இல்லை. ஒரு கட்டத்தில் கைகலப்பு மூளும் நிலை ஏற்பட்டது. அப்போது வயதில் மூத்த சில பயணிகள் குறுக்கிட்டுத் தடுத்தனர். சினத்தைக் காட்டி இருக்கும் துன்பத்தை மேலும் பெருக்க அவர்கள் விரும்பவில்லை.

அம்முதியவர்கள் யார்? எந்த ஊரினர்? எச்சமயத்தினர்? மடல் சொல்லவில்லை. அவர்கள் கையில் அதிகாரம் இல்லை. லாகூர் வண்டியில் இடம் பெற்றுத் தந்ததைப் போன்ற புகழும் இல்லை. மற்றவர்களைப் போலவே அவர்களும் தூக்கமின்றி, நீரின்றி, நெரிபட்டுக் கொண்டிருந்தவர்கள். ஆயினும் அந்த இரவில் 35 பேரையும் காத்தது அவர்களின் சொல். நாம் மேலே தேடிய மனிதக் குரல் இதுவே. பெயர் பெற்றவர்களால் மட்டுமே இது இயலும் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாதபடி, அப்பெயரற்ற முதியவர்கள் வரலாற்றில் நிற்கிறார்கள்.

நமக்குரிய பாடம்

காந்தியடிகளின் மடல் பழியைப் பயணிகள்மீது மட்டும் சுமத்தவில்லை என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். 22 பேருக்குரிய இடத்தில் 35 பேரைத் திணித்துவிட்டு அவர்களிடம் பண்பை எதிர்பார்ப்பது நீதியாகாது. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் என்றால், அதன் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது ஏழைக்குக் கிடைக்கிறதா என்று அவர் வினவினார். கோடிக்கணக்கான மக்களுக்கு ஒழுங்கையும் தூய்மையையும் கூடிவாழும் பண்பையும் கற்பிக்கத்தக்க பள்ளியாக இரயில் அமையக்கூடும். அவ்வாய்ப்பு வீணாகிறதே என்று வருந்தினார். அக்குரல் முற்றிலும் வீண்போகவில்லை. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் மறைந்தது. மது தண்டவதே இரயில்வே அமைச்சராக இருந்தபோது, 1977 டிசம்பர் 26 அன்று, வகுப்பு வேறுபாடற்ற கீதாஞ்சலி விரைவு வண்டி பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. சாதாரணப் பயணியின் மரப்பலகைக்கும் மெத்தை வந்தது.

ஆகவே, நம் கடமை இரு திசைகளில் செல்கிறது. நெரிசலையும் அசுத்தத்தையும் குறித்து உரியவர்களிடம் முறையிடுவது ஒன்று. இன்று 139 என்னும் எண்ணில் இரயில்வேத் துறையை அழைத்து முறையிட முடியும். அது வம்பு வளர்ப்பதன்று. நமக்குப் பின் அதே இருக்கையில் அமரவிருப்பவருக்கு நாம் செய்யும் தொண்டு. மற்றொன்று, அருகில் இருப்பவரிடம் பேசுவது. முணுமுணுப்பதும், பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென வெடிப்பதும் பேச்சாகா. தொல்லையின் தொடக்கத்திலேயே, தாழ்ந்த குரலில், அண்ணா, அம்மா, தம்பி என்று உறவு சொல்லிக் கேட்பதே பேச்சு. ஒருமுறை பயன் தராவிட்டால் மறுமுறையும் அதே மென்மையோடு கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பெண் ஒருவரை ஒருவன் உரசித் துன்புறுத்துவதும், எளியவரைச் சாதி சொல்லி எழுப்புவதும் பண்புக் குறைவு என்ற சொல்லுக்குள் அடங்கா, அவை குற்றங்கள். அங்கே துன்புறுவோரிடம் பொறுமையைப் போதிப்பது அநீதிக்குத் துணைபோவதாகும். அவ்வேளையில் நாம் எழுந்து நின்று, உரத்த குரலில், பாதிக்கப்பட்டவரின் பக்கம் பேசவேண்டும், காவலரையும் அழைக்கவேண்டும்.

இரயில்வே வாரியம் 2017 ஆகஸ்டு 31 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று, படுக்கையில் உறங்கும் நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை என்று வரையறுத்தது. கீழ்ப்படுக்கைக்காரருக்கும் நடுப்படுக்கைக்காரருக்கும் இடையே ஓயாத வழக்கைத் தீர்க்க வந்த விதி அது. ஆனால் அந்நேரத்துக்கு மேலும் உறங்க விரும்பும் நோயாளர், மாற்றுத்திறனாளர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு ஒத்துழைக்குமாறு உடன் பயணிகளை அதே சுற்றறிக்கை கேட்டுக்கொண்டது. கடிகாரத்தால் அளக்க முடியாததை அது நம் மனச்சான்றிடம் ஒப்படைத்தது.

இனி நாம் பேருந்தில் ஏறும்போது, பக்கத்து இருக்கையில் நம் பை அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். படியில் ஒருவர் கால் வைக்கும்போதே அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாருங்கள், உட்காருங்கள் என்று அழைப்போம். அவருடைய பெயரும் உடையும் எதுவாயினும் ஆகுக.